வெசல்ஸ் கழுவ வேண்டாம், டிஷஸ் கழுவுங்கள்

அமெரிக்கா கிளம்புகிறவர்கள் கிராமர் புத்தகத்தை மூடிவிட்டு முதலில் சமையலறை ஆங்கிலத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். நாம் வெசல்ஸ் கழுவணும் என்போம், அங்கே வெசல் என்றதும் பலருக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும், டூ த டிஷஸ் என்றால் சட்டெனப் புரியும். பிரிஞ்சால் அங்கே எக்பிளான்ட், லண்டனில் ஓபர்ஜீன். வெண்டைக்காய் ஓக்ரா. கொத்தமல்லித் தழை சிலான்ட்ரோ ஆகிவிடும், ஆனால் தனியா மட்டும் கோரியாண்டராகவே இருக்கும், என்ன நியாயமோ! வாஷ் அப் என்று லண்டன்காரர் சொன்னால் பாத்திரம், அமெரிக்கர் சொன்னால் கை, முகம். அப்புறம் மிக்ஸிக்கு பிளெண்டர் என்று கேட்டு வாங்கலாம்தான், சட்னி அதில் நம் பதத்துக்கு அரைபடாது, அதனால் ஊரிலேயே அமெரிக்க மின்சாரத்துக்கு ஏற்ற 110 வோல்ட் மிக்ஸி வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.