கொலோன் பீரும் லண்டன் பீரும்

ஜெர்மனியின் கொலோன் நகரில் கோல்ஷ் பீர் 200 மில்லி குவளையில்தான் வரும். பார்த்தால் சாம்பிள் மாதிரி இருக்கும். ஆனால் காலியானதும், நாம் கேட்காமலேயே பரிமாறுபவர் அடுத்ததை வைத்துவிட்டு, குவளைக்கு அடியில் இருக்கும் அட்டையில் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அந்த அட்டையால் குவளையை மூடவேண்டும். மூடாதவரை வந்துகொண்டே இருக்கும்! கடைசியில் கோடுகளை எண்ணி பில்.

லண்டன் பப்பில் மேசையில் காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். கவுன்டருக்குப் போய் 568 மில்லி பைன்ட்டை நாமே வாங்கிவர வேண்டும். அதுவும் இந்தச் சுற்று ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால், அடுத்த சுற்று இன்னொருவர். தன் முறை வரும்போது நழுவுகிறவர் பெயர் கெட்டுவிடும். ஜெர்மனியில் அவரவர் குடித்ததற்கு அவரவர் காசு. எனக்கு அதுதான் வசதி.

அப்புறம், ஆங்கிலேயர்களின் பாரம்பரிய பீரான பிட்டரைச் 'சூடான பீர்' என்று கிண்டலடிப்பது அநியாயம். பப்பில் அதை வைத்திருக்கும் நிலவறையின் குளிர்ச்சி அதில் இருக்கிறதே!