கேரவன் வாங்குமுன் வயரிங் படத்தைக் கேளுங்கள்

ராமநாதபுரம் கரையோரத்தில் கேரவன் (உள்ளேயே தங்க, சமைக்க வசதி உள்ள சுற்றுலா வண்டி) வைத்துக்கொள்பவருக்குப் பழுது என்று வந்தால் கம்பெனிக்காரர் வந்து நிற்கப் போவதில்லை. பாடி கட்டிய இடம் வெளி மாவட்டத்தில் இருக்கும், இல்லாவிட்டால் வெளி மாநிலத்தில். மதுரைக்குப் போக ராமநாதபுரத்திலிருந்தே சுமார் 115 கிலோமீட்டர்; ராமேஸ்வரத்திலிருந்து என்றால் அதோடு இன்னும் ஐம்பதுக்கு மேல். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைச் சாலையில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் பார்க்க வருபவர் உள்ளூர் எலக்ட்ரீஷியன்தான். அவர் கையில் எந்த வயர் எங்கே போகிறது என்று காட்டும் வயரிங் படம் இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லையென்றால் உள்பக்கத்துப் பிளைவுட் பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேட வேண்டும். அதனால் தயாரிப்பாளர்களை ஒப்பிட்டபோது சோபா, விளக்கு, டிவி எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கையேட்டையும் கஸ்டமர் கேரையும் முதலில் பார்த்தோம். பெயர் வேண்டாம். ஒரு பெரிய கம்பெனி, ஒரு நடுத்தரக் கம்பெனி, பஸ் பாடி கட்டிப் பழகிய ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரவனுக்கு ஒரே கையேடு என்று எதுவும் கிடையாது. சேஸிஸ் (இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) கம்பெனியின் புத்தகம் இன்ஜின், பிரேக், டயர், சர்வீஸ் இடைவெளி வரைக்கும்தான் பேசும். இன்வெர்ட்டர், பேட்டரி, ஏசி, ஃபிரிட்ஜ், பம்ப், கீசர் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தயாரிப்பாளர் தந்த தாள் இருக்கும். இவற்றுக்கு நடுவே இருக்கும் வயர், குழாய், ஃபியூஸ், டேங்க், காற்றோட்டத் துளை எல்லாம் பாடி கட்டியவருடைய பொறுப்பு. பழுதில் பெரும்பகுதி இந்த நடுப்பகுதியில்தான் வருகிறது. கையேடு மெலிந்து கிடப்பதும் இங்கேதான்.

மூன்று பேருக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். கேட்டவை: கட்டி முடித்த வண்டியின் வயரிங் படம் (விற்பனைக்கு அச்சடித்த மாதிரிப் படம் செல்லாது), ஃபியூஸ் எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்ற அட்டவணை, வயரின் தடிமன், நல்ல தண்ணீர் டேங்க்கும் கழிவுநீர் டேங்க்கும் எத்தனை லிட்டர், காலி வண்டியின் எடை, உள்ளே பொருத்திய சாதனங்களின் சீரியல் எண் பட்டியல், வாரண்டியில் எதெல்லாம் சேராது என்ற பக்கம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் “டெலிவரியில் தருகிறோம்” என்பார்கள், டெலிவரியில் கேட்டால் “கூரியரில் வரும்” என்பார்கள்.

பெரிய கம்பெனியிடமிருந்து வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேட்டின் பிரதி உடனே வந்தது. பார்க்க அழகு. உள்ளே குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்க உறைதடுப்பு திரவம் ஊற்றும் முறைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மார்கழியில்கூட விசிறி தேவைப்படும் ஊருக்கு! வெளிநாட்டுக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஃபியூஸ் அட்டவணை இருந்தது, ஆனால் வேறொரு மாடலுடையது. நடுத்தரக் கம்பெனி அனுப்பியது கம்ப்யூட்டரில் வரைந்த நான்கு பக்கப் படம். அலங்காரம் இல்லை, ஆனால் ஒவ்வொரு வயருக்கும் எண் இருந்தது. பட்டறைக்காரரிடம் படம் என்று எதுவும் இல்லை. “எல்லாம் நம்ம பையனுக்குத் தெரியும்” என்றார். அந்தப் பையன் நாளை வேறு பட்டறைக்குப் போனால் படமும் அவரோடு போய்விடும்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் வின்னபேகோ நிறுவனத்தை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளுக்கும் சேர்த்து, ஆண்டு வாரியாக, மாடல் வாரியாக வயரிங் படம், குழாய்ப் படம், உதிரிபாகப் பட்டியல் ஆகியவற்றை அது இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஏர்ஸ்ட்ரீமும் பழைய கையேடுகளை ஆண்டு வாரியாகத் தருகிறது. அவற்றின் உள்ளடக்கம் நமக்குப் பெரிதாக உதவாது: அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஒரு கையேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு அவற்றை இறக்கி ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நம்மூர்த் தயாரிப்பாளரிடம் பேசுவது நல்லது. கேள்வி தானாகக் கூர்மையாகிவிடும்.

வயர் தடிமனை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒன்றே போதும். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 6 மீட்டர் தூரம் என்றால் போக, வர 12 மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அதன் மின்தடை சுமார் 0.14 ஓம். கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 0.42 வோல்ட், 4 என்றால் சுமார் 0.26. புது வண்டியில் மெல்லிய வயரிலும் ஃபிரிட்ஜ் ஓடத்தான் செய்யும். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் ஈரமும் இணைப்புகளுக்குள் புகுந்து செம்பில் பச்சைக் களிம்பு ஏறிய பிறகுதான் வினை. களிம்பு ஏறிய ஒவ்வொரு இணைப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டேஜைத் தின்னும். கம்ப்ரசருக்குப் போய்ச் சேருவது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக அதன் எலக்ட்ரானிக் யூனிட் தானே நிறுத்திவிடும். பேட்டரியில் அளந்தால் 12.8 வோல்ட் காட்டும். “பேட்டரி நல்லாத்தானே இருக்கு, ஃபிரிட்ஜ்தான் போச்சு” என்று முடிவு கட்டி, நல்ல கம்ப்ரசரைக் கழற்றி அனுப்புவது இப்படித்தான்.

பழைய ஆட்கள் டான்ஃபாஸ் என்று சொல்லும் செக்காப் பி.டி. வகைக் கம்ப்ரசராக இருந்தால், யூனிட்டில் ஒரு சிறு எல்.இ.டி. இணைத்தால் பழுது என்ன என்பதை அதுவே மின்னிச் சொல்லும். ஒரு தடவை மின்னினால் வோல்ட்டேஜ் போதவில்லை. இரண்டு என்றால் விசிறி அதிகக் கரண்ட் இழுக்கிறது. மூன்று, மோட்டார் கிளம்பவில்லை. நான்கு, குறைந்தபட்ச வேகத்தைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து, யூனிட் சூடாகிவிட்டது. இது கம்ப்ரசர் தயாரிப்பாளரின் தாளில் இருக்கிறது. நாங்கள் பார்த்த கேரவன் கையேடுகளில் ஒன்றில்கூட இல்லை. சாதனங்களின் மூலத் தாள்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

அளக்கும்போது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது கிளம்ப முயலும் நொடியில் அளக்க வேண்டும். சும்மா இருக்கும் வயரில் கரண்ட் ஓடாததால் இழப்பும் தெரியாது. முதலில் பேட்டரி முனை, பிறகு ஃபியூஸின் இரு பக்கமும், கடைசியில் ஃபிரிட்ஜ் முனை. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வோல்ட்டேஜ் விழுகிறதோ அங்கே பழுது. புதிதாகக் கட்டும் வண்டி என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு வயரும், இணைப்புகளின் மேல் உட்பக்கம் பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாயும் போடச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். படகுக்கு வயரிங் செய்கிறவர்கள் மண்டபம், பாம்பன் பக்கம் இருக்கிறார்கள். உப்பில் எது நிற்கும், எது நிற்காது என்பதில் கேரவன் கம்பெனியின் விற்பனையாளரைவிட அவர்கள் பேச்சை நம்பலாம்.

லித்தியம் பேட்டரி வண்டி என்றால் சார்ஜரில் என்ன செட்டிங் வைத்து அனுப்பினார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். பழைய ஈய பேட்டரிக்கான சமன்படுத்தும் சார்ஜ் (எல்லா செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர ஏற்றுவது) 15 வோல்ட்டைத் தாண்டும். அதை அணைக்காமல் விட்டிருந்தால் லித்தியம் பேட்டரியின் பாதுகாப்பு போர்டு இணைப்பைத் துண்டித்துவிடும். வண்டி முழுக்க இருட்டாகும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள்.

கஸ்டமர் கேரைச் சோதிக்க வண்டி கையில் இருக்கத் தேவையில்லை. விலை கேட்காமல் ஒரு பழுதைக் கேளுங்கள். எங்கள் கேள்வி இது: “குழாயை யாரும் திறக்காதபோதும் தண்ணீர் பம்ப் அவ்வப்போது ஓடி ஓடி நிற்கிறது, என்ன செய்ய?” விஷயம் தெரிந்தவர் சொல்ல வேண்டிய பதில்: பம்ப்புக்குப் பிறகு எங்கோ அழுத்தம் கசிகிறது, பம்ப்பின் வெளிவாயை அடைத்துப் பாருங்கள், அப்போதும் ஓடினால் பம்ப்புக்குள்ளிருக்கும் வால்வில் மணல் சிக்கியிருக்கிறது, நின்றுவிட்டால் குழாயிலோ டாய்லெட் வால்விலோ கசிவு. பெரிய கம்பெனியில் புகார் எண் கொடுத்து, பிறகு அழைத்து, எழுதி வைத்ததை வாசித்தார்கள். முடிவு “வண்டியைக் கொண்டு வாங்க சார்”. நடுத்தரக் கம்பெனியில் போனை எடுத்த பெண் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பட்டறை மேற்பார்வையாளரிடம் இணைத்தார். மேலே உள்ள பதிலை அவர் ஏறக்குறைய அப்படியே சொன்னார். பட்டறைக்காரரும் சரியாகவே சொன்னார், ஆனால் அவர் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் மாலை ஏழுக்கு மேலும் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். சுற்றுலா வண்டி கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

வாரண்டியில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, தேதி. பாடி கட்டுகிறவர் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் மொத்தமாக வாங்கி வைத்திருப்பார். பல சாதனங்களுக்கு வாரண்டி அவர் வாங்கிய பில் தேதியிலேயே ஓடத் தொடங்கிவிடும். வண்டி உங்கள் கைக்கு வரும்போது அதில் சில மாதங்கள் கரைந்திருக்கும். சாதனங்களின் பில் உங்கள் பெயரில் வேண்டும், இல்லையென்றால் டெலிவரி தேதியைப் போட்டு சீல் வைத்த வாரண்டி கார்டு வேண்டும். இன்னொன்று, விலக்குப் பட்டியல். “சூழலால் ஏற்படும் அரிப்பு சேராது” என்ற ஒரு வரி இருந்தால், ஏசியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடு உப்பில் பொடிந்தாலும் ஒன்றும் கிடைக்காது. வண்டி எந்த ஊரில் நிற்கப் போகிறது என்பதை ஆர்டர் படிவத்தில் குறிப்பிட்டு, அந்த வரி பொருந்துமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கீசருக்கும் இதே கதை: தண்ணீரின் உப்பளவுக்கு வரம்பு போட்டிருப்பார்கள். நம் கரையோரத்து போர் தண்ணீரை டேங்க்கில் ஏற்றாமல், காவிரிக் கூட்டுக் குடிநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடிப்பதே நல்லது.

எடை விஷயத்தில் கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ, காலி எடை 3,050 கிலோ என்று வைத்தால் மிச்சம் 450. நான்கு பேர் 280 கிலோ, 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. மீதி 70 கிலோவில் சமையல் சாமான், துணிமணி, கேஸ் எல்லாம் அடங்க வேண்டும். மிளகாய் லோடு ஏறும் எடை மேடையில் டேங்க் நிரப்பி ஒரு தடவை நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கேஸ் சிலிண்டர் பெட்டியின் அடியில் காற்றுத் துளை எங்கே என்று படத்தில் காட்டியிருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் அந்தத் துளையில் மணல் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுவும் எந்தக் கையேட்டிலும் இல்லை.

அரசு சார்ந்த காகிதங்களில் பேரம் பேச இடமில்லை. மோட்டார் கேரவனுக்கான தர விதி ஏஐஎஸ் 124. அதன்படி அனுமதி பெற்ற சான்றின் நகல் வேண்டும். சேஸிஸ் ஒருவர், பாடி ஒருவர் என்றால் படிவம் 22-ஏ இருவராலும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். பயணி வேனை வாங்கி உள்ளே கட்டில் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள். ஆர்.சி.யில் பதியாத மாற்றம் இன்சூரன்ஸ் கேட்கும் நாளில்தான் வெளியே வரும்.

நாங்கள் நடுத்தரக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தோம். பட்டறையைவிட விலை கூடுதல். அந்த நான்கு பக்கப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபியூஸ் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியாயிற்று. புகார் அனுப்பும்போது சேஸிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கம், சாதனத்தின் சீரியல் எண், ஓட்டத்தில் அளந்த வோல்ட்டேஜ், எல்.இ.டி. மின்னும் வீடியோ நான்கையும் ஒரே செய்தியில் அனுப்பினால், பதிலுக்குக் கேள்வி வராமல் நேரே உதிரிபாகம் வருகிறது.

பதிலே வராத கம்பெனி என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் அங்கேயே கேட்கலாம், சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லில் “வழக்குகள் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டும்” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதுமான அளவு தராததால் தீங்கு நேர்ந்தால், அதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று அதே சட்டத்தின் 84-ஆம் பிரிவு சொல்கிறது. முன்பணத்துக்கு முன் அனுப்பிய அந்த முதல் மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். புகார் மனுவோடு முதலில் இணைக்க வேண்டியவை அவைதான்.