எடை அட்டையில் இறங்கும் கோடு

குழந்தைகள் வார்டில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருப்பவர், "பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறீங்க?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே அம்மாவின் முகம் சுருங்கிவிடும், குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய மாதிரி. அப்புறம் வருவதெல்லாம் நமக்குப் பிடித்த பதில்களாகவே இருக்கும். "பால், பழம், காய் எல்லாம் கொடுக்கிறேன் மேடம்." சரி என்று எழுதிக்கொள்ளலாம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் எடை அட்டையைத்தான் முதலில் கையில் எடுப்பேன். பிறந்தபோது இரண்டரைக் கிலோவுக்குக் கீழா மேலா, கோடு எதுவரை ஏறியது, எங்கே படுத்தது, எங்கே இறங்கியது என்று பார்ப்பேன். இறங்கிய இடத்தில் விரலை வைத்து, "இந்த மாசம் வீட்டுல என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்பேன். அப்போது வருவது சாப்பாட்டுக் கதையாக இருக்காது. அடுத்தடுத்துப் பேதி வந்திருக்கும். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் தாய்ப்பாலை நிறுத்தியிருப்பார்கள். அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், இல்லையென்றால் வீட்டில் சம்பளம் நின்றிருக்கும். யூனிசெஃப் 1990-இல் ஊட்டச்சத்துக் குறைவின் காரணங்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டியது. மேலே தெரிவது குறைந்த உணவும் நோயும். அதற்கு அடியில் வீட்டுக்குக் கிடைக்கும் உணவு, பராமரிப்பு, தண்ணீர், சுகாதாரம், மருத்துவ வசதி. எல்லாவற்றுக்கும் கீழே வறுமையும் சமூக நிலையும். படிக்கும்போது அது ஒரு வரைபடம். அட்டையோடு உட்கார்ந்தால் அந்த அடுக்குகள் ஒவ்வொன்றாக ஓர் அம்மாவின் வாயிலிருந்தே வருகின்றன.

பேதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயில் பசி போகும், உள்ளே போனதும் உடம்பில் சேராது. மெலிந்த உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி குறைவதால் அடுத்த பேதி சீக்கிரமே வரும். அசுத்தமான சூழலில் வளரும் குழந்தைக்கு, பேதி இல்லாத நாட்களிலும் குடலின் உட்சுவர் கிருமிகளால் பாதிக்கப்பட்டுச் சத்தை உறிஞ்சும் திறன் குறையலாம். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் "நல்லாச் சாப்பாடு போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்.

சாப்பாடு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பிறகு எட்டு மாதம் முடியும்வரை தாய்ப்பாலோடு தினமும் சுமார் 200 கலோரி இணை உணவிலிருந்து, அதாவது தாய்ப்பாலுக்குத் துணையாக ஊட்டும் உணவிலிருந்து, வரவேண்டும். குழந்தையின் இரைப்பையோ கிலோவுக்கு 30 மில்லிதான் கொள்ளும். அந்த உணவைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், கலோரி சேராது. வார்டில் நான் செய்துகாட்டும் ஒரே செய்முறை இதுதான்: கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டுவேன். வழிந்தால் நீர்த்துவிட்டது, ஒட்டி நின்று மெதுவாக விழுந்தால் சரி. பேச்சில் புரியாதது இதில் உடனே புரிந்துவிடும்.

அளவெடுப்பதிலும் கண் ஏமாற்றும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தையின் மேல் கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. கையைச் சுற்றி அளக்கும் நாடாவில் அந்த அளவு சிவப்பாகத் தெரியும், அதைப் பார்த்தால் வீட்டாரும் பதறிவிடுவார்கள். உயரம் குறைந்த குழந்தைக்கு யாரும் பதறுவதில்லை. "எங்க வம்சமே குட்டைதான்" என்று சிரிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல், பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை வைத்து எடுத்தது. முதல் ஐந்து வருடத்தில் அவர்கள் உயரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கூடியது. வம்சத்தின் மேல் பழியைப் போட அங்கே அதிகம் இடமில்லை.

இன்னொன்று வீக்கம். "கால் கொழுகொழுன்னுதானே இருக்கு?" என்று ஒரு தாத்தா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பிள்ளையின் இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திக் காட்டினேன். எடுத்தபிறகும் குழி அப்படியே நின்றது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. அந்தக் குழி ஒன்றே கடுமையான நிலை என்று முடிவெடுக்கப் போதும், எடை என்ன காட்டினாலும் சரி.

சேர்க்கையான முதல் நாட்களில் எங்கள் மேல் கோபம் இன்னும் கூடும். 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள பாலை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, அளந்து கொஞ்சமாகத்தான் கொடுப்போம். "எலும்பும் தோலுமா கிடக்கிற பிள்ளைக்கு இத்துனூண்டா?" என்பார்கள். பட்டினிக்குப் பழகிவிட்ட உடம்பில் ஒரேயடியாக ஊட்டினால் உப்புகளின் அளவு தடுமாறி இதயமே நின்றுபோகலாம் என்பதைப் பக்குவமாகச் சொல்வது பெரிய வேலை. நடுராத்திரி ஊட்டலைத் தவறவிடாமல் செய்வது அதைவிடப் பெரியது. மருந்தைவிட அந்த ராத்திரிகளில் கண்விழிக்கும் நர்சுகள்தான் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்கள் என்பது என் கட்சி.

டிஸ்சார்ஜ் தாளில் "சத்தான உணவு கொடுக்கவும்" என்ற வரியை நான் எழுதுவதை விட்டுவிட்டேன். பகலில் ஊட்டுவது யார், குடிதண்ணீர் எங்கிருந்து, மறுபடி எடை பார்க்கும் தேதி எது என்று எழுதுகிறேன். அப்பாவையும் உட்கார வைத்துப் பேசுகிறேன். பலர் கையெழுத்துப் போட மட்டுமே வருகிறார்கள். பகலில் ஊட்டுபவரையும் ஒரு நாள் வரச் சொல்வேன். பெரும்பாலும் பாட்டி வருவார். சில சமயம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் ஓர் அக்கா வந்து நிற்பாள். கரண்டியைச் சாய்ப்பதை அவளுக்குச் சொல்லித்தந்துவிட்டு, சமூகப் பணியாளரையும் கூப்பிடுகிறேன். தம்பியின் எடை ஏற வேண்டுமென்பதற்காக அவள் படிப்பு நிற்கக்கூடாது. அதற்கு வழி கிடைப்பதற்குள் பல நேரங்களில் தம்பி டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுகிறான்.