பாஸ்டன் பிஸ்ட்ரோவில் ஆறு பேர், ஒரு பில்

பில்லில் 51 டாலர் 20 சென்ட்டை டிப்ஸாக ஏற்கெனவே சேர்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், கார்டுக் கருவியை நீட்டி மறுபடியும் டிப்ஸ் கேட்பது எந்த ஊர் நியாயம்? பாஸ்டனிலிருந்து நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். இடம், சாப்பாடு, செலவு என்று வரிசைப்படி எழுதுவதாக இருந்தேன். ஆனால் இந்த விஷயத்தை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது.

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து இரண்டு குடும்பமாகக் கிளம்பினோம்: நானும் கணவரும், தோழியும் அவள் கணவரும், அவர்களுடைய பத்து வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் தோழியின் அம்மா. அக்டோபரில் பாஸ்டனில் ஹோட்டல் அறைகள் விற்கும் விலைக்கு, இரண்டு இரவுத் தங்கலிலேயே பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் மற்ற வேளைகளைச் சிக்கனமாகக் கழித்துவிட்டு, சனிக்கிழமை இரவு மட்டும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவோம் என்று முடிவு செய்து, ஆளுக்கு 40 டாலர் வீதம் 240 டாலரை அந்த ஒரு சாப்பாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்தோம்.

பகல் முழுக்க ஃப்ரீடம் டிரெயில் நடை. தரையில் பதித்த சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்க விடுதலைப் போரோடு தொடர்புடைய 16 இடங்களைப் பார்த்தபடி சுமார் 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் தங்கக் கூரையை வெளியிலிருந்துதான் பார்த்தோம். வார இறுதியில் உள்ளே விடுவதில்லை. அந்தக் கட்டடத்துக்குள், பிரதிநிதிகள் அவையில், மரத்தில் செதுக்கிய ஏறத்தாழ 5 அடி நீளக் காட் மீன் ஒன்று தொங்குகிறது. மீன்பிடித் தொழிலால் வாழ்ந்த மாநிலம் தன் சோற்றுக்கு வழிசெய்த மீனை அவையிலேயே வைத்து மரியாதை செய்கிறது என்று பையனிடம் சொன்னேன். அவன் கேட்டதெல்லாம் எப்போது சாப்பிடுவோம் என்பதுதான்.

முதலில் போன உணவகத்தில் ஆறு பேருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அம்மாவின் கால் அதற்குத் தாங்காது. ஆரஞ்சு லைன் ரயிலில் 2.40 டாலர் கட்டணத்தில் பேக் பே நிலையத்துக்குப் போனோம். 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவரோடு வந்தால் கட்டணமில்லை என்பதால் பையனுக்குச் செலவில்லை. அங்கிருந்து சவுத் எண்டு பகுதிக்குள் நடந்தோம். முன்பக்கம் வளைந்து புடைத்த செங்கல் வீடுகள் தெரு நெடுக ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, ஒவ்வொரு வாசலிலும் உயரமான படிக்கட்டும் அதன்மேல் பூசணிக்காய்களுமாக, பாஸ்டனிலேயே எனக்கு மிகவும் பிடித்த தெருக்கள் இவைதான். ஒரு முனையில் அந்தச் சிறிய பிஸ்ட்ரோ இருந்தது. ஐந்தரை மணிக்கு ஒரு மேஜை காலி, ஆனால் ஏழு மணிக்குள் எழுந்துவிட வேண்டும் என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டோம்.

பிஸ்ட்ரோ என்ற சொல் பாரிஸின் அக்கம்பக்கச் சிறு சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வந்தது. அமெரிக்கா அதை எடுத்துத் தன் வீட்டுச் சாப்பாட்டோடு கலந்துகொண்டது. மாட்டிறைச்சி ஸ்டேக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கிற அதே மெனுவில் பர்கரும், சீஸில் புரட்டிய மக்ரோனியான மேக் அண்ட் சீஸும் இருக்கும். மேஜை விரிப்பு இருக்காது, உடைக்கட்டுப்பாடு இருக்காது. ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும்: பிரான்சில் ‘ஆந்த்ரே’ என்றால் முதலில் வரும் சிறு உணவு, அமெரிக்காவில் அதுவே முக்கிய உணவு. இது தெரியாமல் ஆளுக்கு இரண்டு சொன்னால் பணம் என்னாவது?

பரிமாறிய இளைஞரைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். மெனுவில் காளான் ரிசோட்டோ இருந்தது. அரிசி, காளான், சீஸ் என்று படித்ததும் கவலை தீர்ந்தது என்று நினைத்தோம். அவரோ கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு, அந்த அரிசியைக் கோழி எலும்பு வேகவைத்த சாற்றில்தான் சமைக்கிறார்கள், மெனுவில் அப்படிப் போடவில்லை, அம்மாவுக்கு அது வேண்டாம் என்று தாமாகவே சொன்னார். பிறகு சமையலறைக்குள் போய்க் கேட்டு வந்து, மேக் அண்ட் சீஸில் இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை என்று உறுதி சொன்னார். கூட ஒரு பீட்ரூட் சாலட். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவருக்கு 20 விழுக்காடு கொடுக்கலாம்.

இனி சவுடர். இந்தச் சூப்புக்காக நான் இன்னொரு முறை நான்கரை மணி நேரம் காரில் போவேன். மட்டி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பிட்ட பன்றி இறைச்சி, பால், கிரீம், இவ்வளவுதான். நியூயார்க் பக்கத்தில் இதில் தக்காளி போட்டுச் சிவப்பாகச் செய்வார்கள், பாஸ்டனில் வெள்ளைதான். இங்கே மாவு கரைத்துக் கஞ்சியாக்கியிருக்கவில்லை. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடியது. மேலே உருகிய வெண்ணெய் சிறு சிறு மஞ்சள் வட்டங்களாக மிதந்தது. மட்டித் துண்டு ரப்பர் போல இழுக்காமல் பல் பட்டதும் விட்டுக்கொடுத்தது. கூடவே ஆய்ஸ்டர் கிராக்கர் என்று குட்டிக் குட்டி உப்பு பிஸ்கட்டுகள் வரும். பெயரில்தான் சிப்பி, அதில் சிப்பியே கிடையாது. இரண்டு கிண்ணம் வாங்கி ஐந்து பேர் பகிர்ந்துகொண்டோம், போதவில்லை.

எனக்கு வந்தது அடுப்பில் சுட்ட ஹேடக் மீன், மேலே வெண்ணெயில் பிசைந்த பிஸ்கட் தூள் பொன்னிறமாக மொறுமொறுத்திருந்தது. மிளகாயும் மசாலாவும் இல்லாத மீனில் என்ன ருசி இருக்கப் போகிறது என்று கேட்பவர்கள், கடலிலிருந்து வந்து அதிக நேரம் ஆகாத மீனை இப்படி ஒரு முறை எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோழியின் அரைக் கோழி வறுவல் இரண்டு பேருக்குக் காணும். பாதியைப் பெட்டியில் கட்டித் தந்தார்கள். ஸ்டேக் நன்று. பர்கர் சுமார், 22 டாலருக்கு அது இல்லை. ரொட்டிக்கு 8 டாலர் வாங்கியது எனக்கு ஏற்பில்லை.

இனிப்புக்குப் பாஸ்டன் கிரீம் பை. பை என்பது பெயர்தான், உண்மையில் கேக். இரண்டு அடுக்குக்கு நடுவில் கஸ்டர்டு, மேலே சாக்லேட். நாங்கள் பகலில் கடந்து வந்த ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் உள்ள பார்க்கர் ஹவுஸ் ஹோட்டல் 1856-இல் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படுவது. 1996-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ இனிப்பானது. முட்டை இருப்பதால் அம்மா தொடவில்லை. அதைக் கவனித்த அந்த இளைஞர் ஒரு கிண்ணத்தில் பெர்ரிப் பழங்கள் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். பில்லில் அது இல்லை.

ஆறே முக்காலுக்குப் பில் கேட்டோம். இரைச்சலும் கூட்டமும் உச்சத்தில் இருந்த நேரம், வேறொருவர் கருவியோடு வந்தார். திரையில் 325.12 டாலர், அதன் கீழே டிப்ஸுக்கென்று மூன்று கட்டங்கள்: 65.02, 71.53, 81.28. கணவரின் விரல் நடுக்கட்டத்துக்கே போய்விட்டது. 240 டாலரில் முடிய வேண்டிய சாப்பாடு எப்படி இவ்வளவானது என்று எனக்குப் பதைத்ததால் கையைப் பிடித்து நிறுத்தி, விவரமான பில் கேட்டேன். சாப்பாடு 256. பாஸ்டனின் 7 விழுக்காடு உணவு வரி 17.92. அதற்கும் கீழே, ஆறு பேரோ அதற்கு மேலோ வந்தால் தானாகச் சேரும் 20 விழுக்காடு, 51.20. திரை கேட்டது இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்கு. அதாவது வரிக்கும் டிப்ஸ், டிப்ஸுக்கும் டிப்ஸ். மெனுவின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது உண்மை. கருவியை நீட்டும்போது வாயால் சொல்ல என்ன தடை?

டிப்ஸ் கொடுப்பதில் எனக்கு மனக்கசப்பு இல்லை. இந்த நாட்டின் மத்தியச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச மணிக்கூலி 1991 முதல் 2.13 டாலரிலேயே நிற்கிறது. மாசசூசெட்ஸில் அது 6.75, மற்றவர்களுக்கு 15. டிப்ஸ் சேர்த்தும் 15 வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். அந்த 6.75-ஐ முழுக் கூலியாக உயர்த்தும் யோசனையை 2024 நவம்பர் வாக்கெடுப்பில் மாநில மக்கள் தோற்கடித்துவிட்டார்கள். ஆகவே அந்த இளைஞரின் வீட்டு வாடகை எங்களைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது. பில்லில் சேர்க்கும் சேவைக் கட்டணம் பரிமாறும் ஊழியர்களுக்கே போக வேண்டும், நிர்வாகம் அதில் கைவைக்கக் கூடாது என்று இம்மாநிலச் சட்டமும் சொல்கிறது. அந்த 51.20-ஐ மனமாரக் கொடுத்தோம். இரண்டாவது முறை கேட்டதுதான் தவறு.

மேலாளர் வந்து, கருவி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. தோழிக்குச் சங்கடமாக இருந்தது, பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றாள். பார்க்கட்டும் என்று பூஜ்யத்தை அழுத்திவிட்டு, குடும்பத்துக்கு 162.56 என்று பிரித்துக்கொண்டோம். கிளம்பும்போது அந்த இளைஞரைத் தேடிப் போய், உங்கள் பங்கு பில்லிலேயே இருக்கிறது, அதனால்தான் மேலே எதுவும் போடவில்லை என்று விளக்கினேன். அவர் தலையசைத்து, அம்மாவிடம் போய் மேல்கோட்டை எடுத்துப் பிடித்து, இரண்டு கையும் நுழையும் வரை காத்து நின்றார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு மிச்சமிருந்த பணத்தை எண்ணிப் பார்த்து, ஹோட்டல் அறையிலேயே அந்தப் பெட்டிக் கோழியைச் சூடாக்கி, கடையில் வாங்கிய ரொட்டியோடு ஐந்து பேரும் பங்கிட்டுக்கொண்டோம். அம்மாவுக்குத் தயிரும் வாழைப்பழமும். கோழி முந்தைய இரவைவிட நன்றாகவே இருந்தது.