இரவல் காரை ஓட்டுபவருக்குக் காப்பீடு எதுவரை துணை நிற்கும்?

கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில் என்று வெளியூர் போகும்போது அண்ணன் காரையோ நண்பர் காரையோ வாங்கிக்கொண்டு போவது நம்மிடையே சகஜம். "ஃபுல் கவர் இருக்கு, தைரியமா எடுத்துட்டுப் போ" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார்கள். அந்தச் சொல் பெரும்பாலும் உண்மையே. ஆனால் அந்த ஃபுல் கவர் காருக்கும் எதிரே வருபவருக்கும் துணை நிற்கும் அளவுக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் துணை நிற்பதில்லை என்பதைப் பலரும் அறிந்திருக்கவில்லை.

இந்தியாவில் வாகனக் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. தனியார் கார் பாலிசியில் ஓட்டுநர் குறித்து ஒரு பிரிவு இருக்கும். காப்பீடு எடுத்தவர் உட்பட எவரும் ஓட்டலாம், ஆனால் விபத்து நேரும்போது அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் பெறத் தகுதி நீக்கப்பட்டவராகவும் அவர் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆகவே உரிமம் உள்ள நண்பர் ஓட்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது. சாலையில் போகிறவர் மீது மோதி அவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகையை, அதற்கு உச்சவரம்பு ஏதுமின்றி, காரின் காப்பீட்டு நிறுவனமே தர வேண்டும். பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு.

உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அதே சமயம், உரிமையாளர் போதிய கவனம் எடுக்கவில்லை என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. எனவே தம்பியே கேட்டாலும் உரிமத்தை வாங்கி, அது காருக்கானதா, தேதி முடியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 180ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாதவரை ஓட்ட விடும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

காருக்கு ஏற்படும் சேதத்தை உரிமையாளர்தான் க்ளெய்ம் செய்ய வேண்டும். க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக அவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் அத்துடன் போய்விடும். இரவல் வாங்கியவர் அந்த இழப்பை ஈடுகட்டுவதே முறை என்று நான் நினைக்கிறேன். இங்கே ஒரு கெட்ட வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். க்ளெய்ம் படிவத்தில் ஓட்டியவர் பெயரைக் கேட்கும் இடத்தில், சிக்கல் வராது என்று நம்பி உரிமையாளர் பெயரையே எழுதிவிடுகிறார்கள். முறையான உரிமம் உள்ளவர் ஓட்டியிருந்தால் இந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. ஆனால் அந்தப் பொய் பின்னர் வெளிப்பட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணமும் கிடைக்காமல் போகும். வெள்ளை நிற எண் பலகை கொண்ட சொந்தக் காரை நாள் வாடகைக்கு விடுவதும் அப்படித்தான். வாடகைக்குப் பயன்படுத்துவதைத் தனியார் கார் பாலிசி வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது.

இனி ஓட்டுபவரின் நிலை. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நிங்கம்மா வழக்கில், கர்நாடகத்தின் இல்கலிலிருந்து ஒருவர் இரவல் பைக்கில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிச் சென்ற மாட்டுவண்டி திடீரென்று நிற்க, அதில் மோதி இறந்துபோனார். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். உரிமையாளர் தன்னிடமே இழப்பீடு கேட்க முடியாதது போல, இறந்தவரின் குடும்பமும், தவறை நிரூபிக்கத் தேவையில்லாத, மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்போது இருந்த 163ஏ பிரிவின் கீழ் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். அதில் முதல் தகவல் அறிக்கை எதிரே மோதிய பைக்கை ஓட்டியவர் மீது இருந்தது. குடும்பமோ, இறந்தவர் ஓட்டிய வண்டியின் உரிமையாளர் மீதும் அதன் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் மட்டுமே மனு போட்டிருந்தது. பாலிசியில் இருந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டின்படி 1 லட்சம் ரூபாய் மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தது. எதிர் வண்டியின் மீது தவறு இருந்தால் அதன் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் மனுவில் சேர்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இப்போது பாலிசியுடன் வரும் 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு வண்டியை ஓட்டும் உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே என்பது பாலிசியின் வாசகம். அவர் வண்டியின் பதிவுபெற்ற உரிமையாளராகவும் பாலிசியில் பெயர் உள்ளவராகவும் இருக்க வேண்டும். இரவல் வாங்கியவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அடிக்கடி பிறர் வண்டியை ஓட்டுபவர்கள் தங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் கொண்டுவந்த 'சரல் சுரக்ஷா பீமா' என்ற பொதுவான பாலிசியை 2.5 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை எடுக்கலாம். அது எந்த வண்டியையும் சாராமல் எடுத்தவரைச் சார்ந்தது என்பதால், அண்ணன் காரிலும் நண்பர் பைக்கிலும் அவருடனேயே வரும்.