16 அடி கனூவை வண்டிக் கூரையில் ஏற்றுவது: திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு வரை

கனூ என்கிற துடுப்புப் படகை ஏற்றுவதற்கு நாலு பேர் இருந்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஏற்றுவதை இரண்டு பேரே செய்துவிடலாம். கவலைப்பட வேண்டியது அதற்குப் பிறகு. கூரை மேல் இருக்கும் படகுக்குக் காற்றுதான் எதிரி. கவிழ்த்து வைத்த படகின் முன்மூக்குக்கு அடியில் காற்று புகுந்து அதை மேலே தூக்கும். அணியத்தை, அதாவது முன்முனையைத் தனியாகக் கட்டாத வண்டிகளில்தான் படகு கழன்றுபோகிறது.

முதலில் எடை. 16 அடி பாலித்தீன் கனூ 38 முதல் 45 கிலோ வரை இருக்கும். 42 என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் கையேட்டில் கூரை தாங்கும் எடை போட்டிருக்கும். அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. கையேடு 50 கிலோ என்றால், 15 கிலோ இரும்பு கேரியரும் 42 கிலோ படகும் சேர்ந்து 57 ஆகிவிடும். அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். அதே படகுக்கு 75 கிலோ தாங்கும் கூரை போதும். பல புது வண்டிகளில் கூரை ஓரமாக ஓடும் பட்டை வெறும் அழகுக்கு ஒட்டியது, சுமை தாங்காது. கையேட்டில் பார்க்காமல் அதில் எதையும் கட்டக் கூடாது.

நீளத்தையும் இப்போதே கணக்குப் போடுங்கள். 16 அடி என்பது 4.88 மீட்டர். இன்னோவா கிரிஸ்டா 4.73 மீட்டர், எர்டிகா 4.39, பொலேரோ 3.99. அதாவது பொலேரோவைவிடப் படகு கிட்டத்தட்ட 88 செ.மீ. நீளம். கேரியரின் நடு, வண்டியின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும், அதனால் நீட்டல் பெரும்பாலும் பின்பக்கம் சேரும். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவும் நம் தலையில்தான். பின்முனையில் சிவப்புத் துணி, இரவென்றால் சிவப்பு விளக்கு கட்டுவது பின்னால் வருகிறவருக்காக. அது இருப்பதால் நீட்டல் சரியாகிவிடாது. என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு நீளமான வண்டியே நல்லது. 'குட்டி யானை'யில் போட்டுவிடலாமே என்பார்கள். அதன் தொட்டி ஏழு அடி சொச்சம்தான், பாதிப் படகு வெளியே தொங்கும்.

கேரியரில் கூடை மாதிரி வருவது கனூவுக்கு உதவாது. இரண்டு குறுக்குக் கம்பி வேண்டும், இடைவெளி குறைந்தது 3 அடி. இன்னும் கூடினால் இன்னும் நல்லது. இடைவெளி குறைந்தால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் படகு சீசா பலகை போல மேலும் கீழும் ஆடும். கனூவின் நடு அகலம் 3 அடி இருக்கும் என்பதால் கம்பி அதைவிட நாலைந்து அங்குலமாவது நீளமாக இருக்கட்டும். கம்பியில் கோணி சுற்றாதீர்கள், நனைந்தால் வழுக்கும். பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய லாரி டியூபை வெட்டிச் சுற்றினால் ரப்பர் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஏற்றும் முன் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அடியில் 10 லிட்டர் கிடந்தால் 10 கிலோ கூடுதல். மணலையும் துடைக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவில் அரம் போல வேலை செய்யும்.

தனியாக ஏற்றுகிறவர் பின்பக்கமாக ஏற்றலாம். வண்டிக்கு நேர் பின்னால் படகைக் கவிழ்த்துப் போடுங்கள். கூரையின் பின் விளிம்பில் தடித்த கால்மிதி விரிப்பு ஒன்றைப் போட்டு, பின்கண்ணாடி வைப்பரையும் ஸ்பாய்லரையும் மூடுங்கள். அடிக்கடி உடைவது இவை இரண்டும்தான். அணியத்தை மட்டும் தூக்கிப் பின்கம்பி மேல் சாய்த்தால் கையில் ஏறுவது பாதி எடை, சுமார் 21 கிலோ. பிறகு பின்முனைக்குப் போய், அதைத் தூக்கிக்கொண்டே முன்னே தள்ள வேண்டும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பின்கம்பி மேல் 2 அங்குல பிவிசி குழாய் ஒன்றைச் செருகி வைத்தால் உருண்டு போகும், தள்ளும் பாரம் வெகுவாகக் குறையும். இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு முனை, ஒரே குரலில் எண்ணிக்கொண்டு பக்கவாட்டில் ஏற்றுங்கள்.

கட்டுவதற்கு ஒரு அங்குல கேம் பக்கிள் பெல்ட் (பல் வைத்த கொக்கி கவ்விப் பிடிக்கும் நாடா) இரண்டு போதும், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று. லாரியில் போடும் ராட்செட் பெல்ட் வேண்டாம். அதன் நெம்புகோலுக்குப் படகின் தோல் தாங்காது, அறியாமலே நசுக்கிவிடுவோம். பெல்ட்டைப் படகின் விளிம்பை ஒட்டியே கம்பியில் சுற்றிக் கீழே இறக்குங்கள். ஒரு சாண் தள்ளிச் சுற்றினால் அந்த ஒரு சாணும் படகு பக்கவாட்டில் நகர்வதற்கான இடம். பெல்ட் ஓட்டத்தில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் அடித்து ரீங்காரமிடாது. மறுபக்கம் எறியும்போது பக்கிளைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் முனையை எறியுங்கள், கண்ணாடி தப்பிக்கும்.

இனி முன்கட்டு. அணியத்திலிருந்து இரண்டு கயிறு, தலைகீழ் V போல வண்டியின் இடமும் வலமும் இறங்க வேண்டும். ஒரே கயிறு நடுவில் கட்டினால் பக்கக் காற்றில் மூக்கு திரும்பும். பம்பர் பிளாஸ்டிக், அதில் கட்டினால் பிடுங்கிக்கொண்டு வரும். பானெட்டைத் திறந்தால் ஓரத்தில் ஃபெண்டர், அதாவது முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின் போல்ட் இருக்கும். துளையிட்ட பெல்ட் வளையம் ஒன்றை அதில் மாட்டி வெளியே எடுத்துவிட்டால் நிரந்தரமான பிடி. அமரத்தில், அதாவது பின்முனையில் இதே போல இரண்டு. காசிமேட்டுக் கடைகளில் நைலான் கயிறு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அது நனைந்தால் நீளும். 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு கேட்டு வாங்குங்கள். லாரி லோடு கட்டுகிறவர்கள் நடுவில் ஒரு கண்ணி எடுத்து, முனையை அதன் வழியே விட்டுக் கீழே இழுப்பார்களே, அந்த முடிச்சுதான் இங்கேயும். தொய்வு போகிற வரை இழுத்தால் போதும், மூக்கு கீழே வளைகிற அளவுக்கு வேண்டாம். மிச்சக் கயிற்றைத் தொங்கவிடவே கூடாது. முன்சக்கரம் அதன் மேல் ஏறினால் படகையே கீழே இழுத்துவிடும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி முந்தும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தை 60-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-இல் போனால் 60-இல் உள்ளதைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. கிளம்பி ஐந்து கிலோமீட்டருக்குள், எர்ணாவூர் பக்கம் ஓரங்கட்டி எல்லாக் கட்டையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், முதல் தளர்வு அங்கேயே தெரியும். மீஞ்சூரில் இன்னொரு முறை. காலையில் போவது சுகம். பிற்பகல் திரும்பும்போது கடற்காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும், வேகத்தை இன்னும் பத்து குறையுங்கள்.

சித்திரை வெயிலில் பாலித்தீன் இளகும். வண்டி நிற்கும் நேரத்தில் பெல்ட்டைத் தளர்த்தாவிட்டால் படகில் பள்ளம் விழும். கிளம்பும்போது மறுபடி இறுக்க மறக்காதீர்கள்.

பழவேற்காட்டுக் கரையில் இறக்கும்போது வண்டியின் மூக்கைக் காற்றைப் பார்த்து நிறுத்துங்கள். முன், பின் கயிறுகளை முதலில் அவிழ்த்து, ஒருவர் படகைப் பிடித்த பிறகே பெல்ட் இரண்டையும் கழற்ற வேண்டும். கேம் பக்கிளை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள், உப்பு ஏறினால் அதன் பல் பிடிக்காது.