சிஸ்டரின் நோட்டு

"சார், இதெல்லாம் ஆராய்ச்சில சேருமா?"

டூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் வார்டு சிஸ்டர் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். படுக்கை எண், வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றக் கையில் போடும் சின்னக் குழாய்) போட்ட தேதி, எந்தக் கை, எத்தனையாவது நாளில் வீக்கம். மூன்று மாதமாக, யாரும் சொல்லாமல், அவரே எழுதி வருகிறார்.

ஒன்றே ஒன்றுதான் குறை. கை வீங்கியவர்களை மட்டும் எழுதியிருந்தார், வீங்காதவர்கள் நோட்டிலேயே இல்லை.

"அவங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே சார்?"

அவர்கள் இல்லாமல் நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீங்குகிறது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் பேனாவை எடுத்துப் புதுப் பக்கத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவுதான் வேண்டியிருந்தது. வார்டிலேயே இருபது நிமிடம், கூட உட்கார ஓர் ஆள். டூட்டி சார்ட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினால் எத்தனை நோட்டுகள் வெளியே வரும்!

1847-இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் முதலில் இரண்டு பிரசவ வார்டுகளின் சாவுக் கணக்கை அருகருகே வைத்துப் பார்த்தார், அப்புறம்தான் கை கழுவச் சொன்னார். நம் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும், உடல் மெலிவு, மூச்சு, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பணியாளர்கள் தொடக்கத்திலேயே பார்த்துக் குறிப்பதில்தான் நிற்கிறது.

ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கான விண்ணப்பத்தை நானும் சிஸ்டரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து எழுதப் போகிறோம். ஆய்வாளர் பெயர் என்ற இடத்தில் முதலில் அவர் பெயர்தான்.